தையல்காரி விட்டுக்கொடுக்காத கை

தெருவில் என்னைப் பார்த்தால் தையல்காரி இன்றும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். எனக்கு வருத்தமில்லை. அவள் புருஷன் சாகும்போது பக்கத்தில் இருந்தவள் நான்; அவள் இல்லை. அதை அவள் மறக்க மாட்டாள்.

பொறாமை அவளுக்குப் பெருந்தொற்றோடு வந்ததல்ல. கல்யாணத்தன்றே கூட வந்துவிட்டது. புருஷன் பஸ் கண்டக்டர், எல்லாரிடமும் வாயடிக்கும் ஆள். ஒருநாள் அரைகுறையாகத் தைத்த துணியை மிஷினிலேயே விட்டுவிட்டு, அவர் பஸ்ஸில் ஏறி, டிக்கெட்டும் வாங்கி, பின்சீட்டில் உட்கார்ந்து வேவு பார்த்தாளாம்.

“அந்த மஞ்சக் குடைக்காரிகிட்ட மட்டும் ஏன் பல்லக் காட்டினீங்க?”

“சில்லறை சரியாக் குடுத்துச்சு. சில்லறை குடுத்தா நான் கிழவனப் பாத்தும் சிரிப்பேன்.”

ஆக்சிஜன் மாஸ்குக்குள்ளிருந்து, மூச்சு மூச்சாக நிறுத்தி நிறுத்தி அவரே சொன்ன கதை இது.

கொரோனா வார்டுக்கு வந்தபோதே அவருடைய நுரையீரல் போய்விட்டிருந்தது. இனி மூச்சு மிஷின் வைத்தும் பயனில்லை, கஷ்டப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சாகிறவர்களைப் பார்த்துக்கொள்கிறவள் நான்; அதற்குத்தான் எனக்குப் பயிற்சி. பிழைக்கவைப்பது என் வேலையல்ல. திணறல் தெரியாமல், வாய் காயாமல், முதுகு புண்ணாகாமல், தனியாக இல்லாமல் ஒரு ஆள் போக வேண்டும். அவ்வளவுதான்.

வீட்டார் வார்டுக்குள் வரக்கூடாது. மதியம் நான் போனைப் பிடித்து வீடியோவில் காட்டுவேன். தையல்காரி புருஷனைப் பார்ப்பதைவிட என்னைத்தான் அதிகம் பார்ப்பாள்.

“யாரு தலை வாரி விட்டது?”

“நான்தாம்மா.”

“வகிடு அந்தப் பக்கம் இல்ல.”

மறுநாள் மாற்றி வாரினேன். அன்றைக்கு வேறு குறை.

“நான் சூப்பு குடுத்தா துப்புவாரு. அங்க மட்டும் எப்படி வாயத் தொறக்குறாரு?”

“பசிம்மா.”

“ஏன், எங்க வீட்ல அவருக்குப் பசிக்காதா?”

போனை அவர் முகத்துக்கே திருப்பினேன். பல்செட்டும் வீங்கிய முழங்காலுமாக இருக்கிற என்னைப் பார்த்து நர்ஸ் சிரித்தாள். “அக்கா, இந்த வயசுல உங்களுக்கு ஒரு சக்களத்தி!”

பிறகு அவர் நிலை இறங்கிவிட்டது. சாகப்போகிறவரைப் பார்க்க உறவில் ஒருவர், ஒரே ஒரு முறை, அரை மணி நேரம் வரலாம் என்று விதி இருந்தது. தையல்காரி வந்தாள். கவச உடையை மாட்டிவிடும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: “நான் வந்தது அவருக்குத் தெரியுமா? தெரியணும்.”

தெரியும் என்று நான் சொல்லவில்லை. அந்த உடைக்குள் எல்லாரும் ஒன்றுதான். கண்ணாடியில் ஆவி படிந்திருக்கும். இரட்டைக் கையுறை, கைச்சூடு தெரியாது. குரலும் பஞ்சுமூட்டைக்குள்ளிருந்து வருவதுபோல் வரும்.

நனைத்த பஞ்சைக் கொடுத்தேன். “உதட்ட மட்டும் நனைம்மா. ஊத்தினா புரையேறும்.”

“எம் புருஷன் வாய எனக்குத் தெரியாதா?” என்றாள். ஆனால் நான் சொன்னபடிதான் நனைத்தாள். பிறகு அவருடைய வலது கையைப் பிடித்துக்கொண்டு, “நான்தாங்க, நான்தான்” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். ஆக்சிஜன் இரைச்சலில் அது அவருக்கு எட்டவில்லை.

அவர் கண்ணைப் பாதி திறந்தார். “அக்கா... கைய எடுத்துடாதீங்க” என்றார்.

கையைப் பிடித்திருப்பது யார் என்று சொல்ல நான் குனிவதற்குள் அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

“அக்காவா? எந்த அக்கா? தலை வாரினது பத்தாதுன்னு கைய வேற புடிச்சுட்டு இருந்தாங்களா? இத்தன நாளா இதான் நடக்குதா இங்க?”

வார்டே திரும்பிப் பார்த்தது. மாஸ்குக்குள் அவர் முகம் மலர்ந்தது.

“வந்துட்டியா” என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு, “டிக்கெட் எடுத்தியா?”

“எடுத்துட்டேன். தள்ளிப் படுங்க.”

தள்ளிப் படுக்க அவருக்குத் தெம்பில்லை. அவள் கட்டில் ஓரத்தில் ஒண்டிக்கொண்டாள்.

நேரம் முடிந்து, கவச உடையைக் கழற்றும்போதும் அவள் அழவில்லை.

“இனிமே நீங்கதான இருப்பீங்க?”

“ஆமா.”

“கையப் புடிச்சுக்கோங்க. அவரு தனியாப் போகக்கூடாது. ஆனா வலது கை வேணாம். அது என்னுது.”

“இடது கையில ஊசி இருக்கும்மா, விரல்ல கிளிப்பு வேற.”

“அது உங்க பாடு.”

ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு, டியூப்புகளைத் தாண்டி, கட்டிலின் மறுபக்கம் போனேன். சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே முழங்காலை மடக்க இடமில்லை. நர்ஸ் கேட்டாள், “ஏன் அக்கா இந்தச் சந்துக்குள்ள?”

“மேலிடத்து உத்தரவு” என்றேன்.

மறுநாள் காலையில் அவர் மூச்சு இடைவெளி விட்டு விட்டு வந்து, நின்றது. வலது கை போர்வைமேல் விரிந்து கிடந்தது. நான் அதைத் தொடவில்லை.

போனில் விஷயத்தைச் சொன்னேன்.

“எந்தக் கை?”

“இடது.”

“விரலா, மணிக்கட்டா?”

“மணிக்கட்டு.”

“வகிடு?”

“நீ சொன்ன பக்கம்தான்.”

“ம்” என்றாள். அப்புறம்தான் அழுதாள்.