பூனை திரும்பிப் பார்க்காத கை

ராயபுரம் கடற்கரைக் குப்பத்தில் பிறந்தவள் நான். நைனா கட்டுமரத்தில் கடலுக்குப் போவார். அவர் கொண்டுவரும் மீனை அம்மா கூடையில் சுமந்து வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் விற்றுவிட்டு வருவாள். மிஞ்சியதை உப்புப் போட்டுக் காயவைத்துக் கருவாடாக்குவோம். மீன் ஆய்வது என் வேலை. ஏழு வயதில் அரிவாள்மணைக்கு முன்னால் உட்கார்ந்தவள் பதினேழு வயது வரை எழுந்திருக்கவே இல்லை என்று சொன்னால், பாதிதான் பொய். நடுவில் பாதிரியார் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தேன்.

முப்பதுகளின் தொடக்கம் அது. தெருமுனையில் டிராம் வண்டி வந்து நிற்கும். அதற்கு எதிரே எட்டுக் கட்டில் போட்ட ஒரு சின்னப் பிரசவ விடுதி இருந்தது. என் அக்கா தலைச்சன் பிள்ளையை அங்கேதான் பெற்றாள். துணைக்குப் போன நான் மூன்று நாள் அங்கேயே கிடந்தேன். பிறந்து அரைமணி ஆன குழந்தையை ஆயா வெந்நீரில் குளிப்பாட்டி, துடைத்து, பழைய வேட்டித் துணியில் சுற்றித் தாயின் பக்கத்தில் கொண்டுவந்து விடுவாள். அழுகிற குழந்தை அவள் கைக்குப் போனதும் அழுகையை நிறுத்தும். அதைப் பார்த்த நிமிஷத்திலிருந்து அந்த வேலை எனக்கு வேண்டும் என்று ஆகிவிட்டது. சாப்பாடு இறங்கவில்லை. எப்போது பார்த்தாலும் இதே பேச்சுதான் என்று அக்காவே அலுத்துப்போனாள்.

ஆறு மாதம் கழித்து அந்த ஆயா மீஞ்சூரிலிருக்கும் மகன் வீட்டோடு போய்விட்டாள் என்று செய்தி வந்தது. தலைகால் புரியாமல் ஓடினேன். விடுதியை நடத்திய நர்ஸம்மாவுக்கு என்னை ஞாபகம் இருந்தது. எழுதப் படிக்கத் தெரியும் என்றதும் முகம் மலர்ந்தது. பிறகு என் இரண்டு கையையும் பிடித்து மூக்கருகே கொண்டுபோனார். மலர்ந்த முகம் அப்படியே நின்றுவிட்டது.

அவர் கடுமையாகப் பேசவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். பிள்ளை பெற்றவளுக்குச் சும்மாவே குமட்டும், மீன் வாசனை அடித்தால் கஞ்சி கூட உள்ளே தங்காது என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை வரை தவணை கொடுத்தார். அதற்குள் வாசனை போயிருந்தால் வேலை எனக்கு.

எட்டு நாள் இருக்கிறதே என்று குதித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். முதலில் கடையில் சிவப்புச் சோப்பு வாங்கினேன். எங்கள் கிணற்றின் உப்புத் தண்ணீரில் அது நுரைக்கவே இல்லை, தயிர் திரிந்த மாதிரி கையில் ஒட்டிக்கொண்டது. மீன் வாசனையோடு மருந்து வாசனையும் சேர்ந்ததுதான் மிச்சம். சரி, நாமே ஒன்றைச் செய்துவிடுவது என்று புடவையை வரிந்து கட்டினேன். புளியைத் தேய்த்தேன். அடுப்புச் சாம்பலைத் தேய்த்தேன். வண்ணாரப்பேட்டையில் துணி வெளுப்பவர்களிடம் உவர்மண் கேட்டு வாங்கிவந்து தேய்த்ததில் கை வெளுத்தது உண்மை, கூடவே தோலும் உரிந்தது. குப்பத்தில் செய்தி பரவியதும் ஆளுக்கொரு யோசனையோடு வந்தார்கள். ஒருத்தி வேப்பிலை என்றாள். ஒருத்தி மோர் என்றாள். சாணி என்று சொன்னவளை நான் துரத்தினேன்.

ஐந்தாம் நாள்தான் வழி கிடைத்தது. டிராம் நிற்கும் இடத்தில் ஒரு சர்பத் கடை உண்டு. பிழிந்த எலுமிச்சை மூடிகளைக் கடைக்காரர் கூடை கூடையாகக் குப்பையில் கொட்டுவார். அந்தப் பக்கம் போனபோது சும்மா இரண்டு மூடியை எடுத்துக் கையில் தேய்த்துப் பார்த்தேன். கை கமகமத்தது! ஒரு கூடை மூடியை அள்ளிக்கொண்டு ஓடிவந்தேன். அதைக் காயவைத்து, வறுத்த பச்சைப்பயறும் விதை நீக்கிய பூந்திக்கொட்டைத் தோலும் சேர்த்து இடித்துச் சலித்தேன். ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீர் விட்டுக் குழைத்தால் உப்புத் தண்ணீரிலும் மெல்லிசாக நுரை வந்தது. அதைப் பார்த்து நான் போட்ட ஆட்டத்தில் அடுப்பிலிருந்த சோறு குழைந்துபோயிற்று.

கையைக் கழுவிக்கொண்டு அம்மாவிடம் நீட்டினேன். அவள் முகர்ந்துவிட்டு, "ஒண்ணியும் இல்லடி, பூவாட்டம் கீது" என்றாள். நைனா முகர்ந்தார். பக்கத்து வீடு, எதிர் வீடு, வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் என்று குப்பமே முகர்ந்தது. ஒருவர் பாக்கியில்லாமல் வாசனை போய்விட்டது என்றார்கள். வேலைக்குப் போகும்போது எந்தப் புடவை கட்டுவது என்பது வரை அன்றே முடிவு செய்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை நர்ஸம்மா முன்னால் கையை நீட்டியபோது என் முகத்தில் இருந்த பெருமையை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

"இன்னும் இருக்கும்மா" என்றார் அவர்.

என்னால் நம்ப முடியவில்லை. இன்னொரு தடவை பாருங்கள் என்று கையைக் கிட்டே கொண்டுபோனேன். அவர் முகத்தை லேசாகப் பின்னால் இழுத்துக்கொண்டார். வாயால் சொன்னதைவிட அது சுட்டது. திருவொற்றியூரிலிருந்து வேறொரு பெண் திங்கட்கிழமை வருகிறாள், அதுவரைக்கும் வேண்டுமானால் பார் என்று சொல்லி அனுப்பினார்.

ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்று தெரியாததால் வீட்டுக்கு வந்து அம்மா மேல் காட்டினேன். உன்னால்தான், உன் கூடையால்தான், இந்த நாற்றம் பிடித்த வீட்டில் பிறந்ததால்தான் என்று வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். அம்மா கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். நிமிராமல் சொன்னாள்:

"கருவாடு வித்த காசு நாறாதும்பாங்க. காசு நாறாது, வித்தவ கைதான் நாறுதா உனுக்கு?"

பொடி இருந்த பிஸ்கட் டப்பாவை வாசலில் வீசிவிட்டு, சுவர் ஓரமாகக் குந்தி அழுதேன்.

அப்போதுதான் பூனை வந்தது. யார் வீட்டுப் பூனை என்று சொல்ல முடியாது, குப்பம் முழுக்கத் தன்னுடையது என்று நினைத்துக்கொண்டிருந்த சாம்பல் நிறப் பூனை அது. டப்பாவிலிருந்து சிந்திய பொடியை முகர்ந்தது. முகர்ந்துவிட்டு நக்க ஆரம்பித்தது. அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். பூந்திக்கொட்டை கசப்பு. எலுமிச்சைத் தோலும் கசப்பு. இதைப் போய் ஒரு பூனை ஏன் நக்க வேண்டும்?

ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. எலுமிச்சை மூடியைக் காயவைத்தது கருவாட்டுப் பாயில். இடித்தது கருவாட்டுத் தூள் இடிக்கிற உரலில். போட்டு வைத்த டப்பாவில் போன வாரம் வரை நெத்திலி இருந்தது. மீன் வாசனையைப் போக்கும் பொடிக்கு நானே மீன் வாசனை ஊட்டியிருக்கிறேன்! இதைக் குப்பத்தில் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? பிறந்ததிலிருந்து மீனோடு கிடக்கிற மூக்குகள் எங்களுடையவை. எங்களுக்கு மீன் வாசனை என்று ஒன்று கிடையவே கிடையாது. குப்பம் முழுவதிலும் நியாயமான மூக்கு அந்தப் பூனைக்குத்தான் இருந்தது. கருவாட்டுக்குப் பூனையைக் காவல் வைக்காதே என்பார்கள், அன்று நான் அதைத்தான் நீதிபதியாக வைத்தேன்.

"யம்மா, பொடி தப்பில்ல, பாய்தான் தப்பு" என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடினேன். சற்றுமுன் அவளைத் திட்டியதே மறந்துபோயிருந்தது. அவளுக்கு மறந்திருக்காது. ஆனாலும் முழுவதையும் கேட்டாள். கேட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, காயவைக்க இடம் வேண்டுமே என்றாள். அதுதான் சங்கடம். எங்கள் பக்கத்தில் கருவாடு காயாத கூரை இல்லை, மணலில் ஒரு முழம் சும்மா கிடக்காது. கைவசம் இருந்ததோ இரண்டே நாள்.

சனிக்கிழமை காலை அம்மா என்னை வண்ணாரப்பேட்டைக்கு அழைத்துப்போனாள். சர்பத் கடையில் மறுபடி அள்ளிவந்த மூடிகளை மீன் கூடையிலேயே போட்டுக்கொள்ளலாம் என்று அவள் எடுத்தபோது நான் பாய்ந்து பிடுங்கினேன். புதுப் பானை ஒன்று வாங்கி அதில் சுமந்துபோனோம். ஜவுளி வியாபாரம் செய்யும் ஒரு முஸ்லிம் குடும்பத்தின் வீடு. அந்த வீட்டுப் பீவியம்மாவுக்கு அம்மா பதினைந்து வருஷமாக மீன் கொடுக்கிறாள். இத்தனை வருஷத்தில் வாசற்படியில் நின்று ஒரு வாய் தண்ணீர்கூடக் கேட்டவளில்லை, அப்படியொரு ரோஷக்காரி. அன்று கேட்டாள்.

"எம் பொண்ணு ஆஸ்பத்திரி வேலைக்குப் போறா. உங்க மாடில ரெண்டு நாளு எடம் வோணும்" என்றாள்.

வேலை கிடைத்துவிட்ட மாதிரியே சொன்னாள்.

பீவியம்மா விஷயத்தைக் கேட்டு என்னைவிட உற்சாகமாகிவிட்டார். மாடியில் வெள்ளைத் துணி விரித்துக் கொடுத்தார். பயறு, பூந்திக்கொட்டை எல்லாம் அவர் வீட்டுச் சட்டியிலேயே வறுபட்டது. வெயிலும் அந்த இரண்டு நாள் எங்கள் கட்சியில் இருந்தது. ஞாயிறு பிற்பகல் தோலை ஒடித்தால் படபடவென்று ஒடிந்தது. அவர் வீட்டுத் திருகையில் நானும் அவர் மருமகளும் எதிரெதிரே உட்கார்ந்து அரைத்தோம். மருமகள் தும்மித் தும்மிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், நான் சிரித்துச் சிரித்துத் துடைத்துக்கொண்டேன். பொடியைப் புதுப் பானையில் போட்டு வாயைக் கட்டி வீடு வந்து சேர்ந்தேன்.

சாயங்காலம் பரீட்சை. வேண்டுமென்றே ஒரு படி நெத்திலியை ஆய்ந்தேன். கார்ப்பரேஷன் குழாயில் புதுச் செம்பில் பிடித்த தண்ணீரில், பொடியைக் குழைத்து விரலிடுக்கு, நகக்கண் எல்லாம் தேய்த்து மூன்று தடவை கழுவினேன். வாசலில் கூட்டம் கூடிவிட்டது. பூனையைத் தேடிப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். நான் மண்டி போட்டுக் கையை நீட்டினேன்.

பூனை கிட்டே வந்தது. ஒரு தடவை முகர்ந்தது. தலையைத் திருப்பிக்கொண்டு அம்மாவின் கூடைப் பக்கம் நடந்தது.

கூட்டம் ஹோ என்றது. எலுமிச்சை என்றால் பூனைக்கு ஆகாது, அதனால் விலகியிருக்கும் என்று ஒரு கிழவர் குட்டையைக் குழப்பினார். போன பொடியிலும் எலுமிச்சைதானே, அதை நக்கியதே என்று நான் கேட்டதும் வாயை மூடிக்கொண்டார். ஆனாலும் அன்று என்னால் தூங்க முடியவில்லை.

திங்கட்கிழமை நர்ஸம்மா என் கையை முகர்ந்தார். திருப்பி உள்ளங்கையை முகர்ந்தார். நகக்கண்ணைப் பார்த்தார். எதைப் போட்டுக் கழுவினாய் என்று மட்டும் கேட்டார். நான் பானையைக் காட்டினேன். உள்ளே போனவர் ஒரு துணிச் சுருளோடு திரும்பிவந்து அதை என் கையில் வைத்தார். அன்று விடியற்காலையில் பிறந்த பெண் குழந்தை. என் ஒரு கைக்கே அடங்கியது. அது அழுதது. பிறகு அழுகையை நிறுத்தியது. நான்தான் அழுதுகொண்டிருந்தேன்.

சாயங்காலம் தெருவெல்லாம் ஓடி வீட்டுக்கு வந்தேன். அம்மா வாசலில் அரிவாள்மணை போட்டுச் சங்கரா ஆய்ந்துகொண்டிருந்தாள். சொன்னேன். அவள் முகம் முழுக்கச் சிரிப்பு. வழக்கம்போல எதிரே உட்கார்ந்து மீன் சட்டியை என் பக்கம் இழுத்தேன். அவள் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நீ தொடாத. இனிமே இது உன் கை இல்ல" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. ஒரு வாரமாக மனதில் ஒத்திகை பார்த்தவள்போல, சாதாரணமாகச் சொன்னாள். உள்ளங்கையை முந்தானையில் துடைத்துவிட்டு மடியில் மறைத்துக்கொண்டாள். என் அம்மா தன் கையை என்னிடமிருந்து மறைத்து அன்றுதான் முதல்முறை பார்த்தேன். வெள்ளிக்கிழமை நான் கத்தியதெல்லாம் திரும்பி வந்து என்னையே அறைந்தது. வேலை கிடைத்த சந்தோஷம் ஒரு பக்கம், அந்த வலி ஒரு பக்கம்.

சட்டியைப் பிடித்து இழுத்தேன். பெரிய சங்கராவாகப் பார்த்து எடுத்துச் செதிலைச் சீவ ஆரம்பித்தேன்.

"நாளிக்கி வேல கீதேடி" என்றாள்.

"பொடியும்தான் கீதே" என்றேன்.

அம்மா மடியிலிருந்த கையை எடுத்து, சட்டியை இரண்டு பேருக்கும் நடுவில் தள்ளி வைத்தாள். எங்கிருந்தோ பூனை வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, என் கையையே பார்த்துக்கொண்டிருந்தது.