கிடாரத்தடி எலிகள்

இடியப்பம் அவிக்கிறவளுக்கு மாவில் பிழை வந்தால் மன்னிப்பு உண்டு. வளவில் எலி செத்துக் கிடந்தால் கிடையாது. வீட்டில் சமைத்து ஊருக்கு விற்கிற என் சக பாவப்பட்டவர்களே, உங்களுக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நம் அடுப்படியை ஊர் முழுக்கக் கூட்டிப் பெருக்கிப் பார்க்கும், தன் அடுப்படியை மட்டும் பாராது. இது குருக்கள்மடத்தில் எனக்கு நடந்தது.

முதல் மூன்று

பெரும்போக நெல் வெட்டு முடிந்து வயல் வட்டையெல்லாம் வெறுமையாகக் கிடந்த நேரம். காலையில் படலையைத் திறக்கப் போன என் மச்சாள் பவானி அங்கேயே நின்று கூப்பிட்டாள். அவள் என் கணவரின் தங்கச்சி. இடியப்பம் பிழிவதில் என் வலது கை. படலையடியில் ஒரு எலி, கிணற்றடியில் ஒன்று, கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஒன்று. மூன்றும் செத்து விறைத்துப் போயிருந்தன.

மண்வெட்டியால் அள்ளிப் புதைத்தேன். அடுத்த நாள் ஐந்து. அதற்கடுத்த நாள் எண்ணுவதை விட்டுவிட்டேன். குசினிக்குள் ஒரு எலிப்புழுக்கை கூட இல்லை, மாவு வாளிகள் எல்லாம் இறுக்கி மூடியே இருந்தன. எங்கள் பூனையோ செத்த எலியை மணந்து பார்த்துவிட்டு, தனக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்பது போலப் போய்ப் படுத்துக்கொண்டது. எனக்கு எரிச்சல் பொறுக்கவில்லை. பவானிதான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்: “ஊரு எலியெல்லாம் சாகிறதுக்கு எங்கட வளவுதானா மச்சாள் கண்டிரிக்கி?”

செய்வினை

பக்கத்து வளவு தங்கராசா அண்ணனுடையது. வயல்காரர், ஒரு பசுமாடும் உண்டு. அவருடைய மனைவி மல்லிகா அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தவர், நெஞ்சில் கை வைத்துவிட்டார். படலையடியில் செத்த சீவன் கிடந்தால் அது செய்வினையாம். ஆரோ என் தொழிலை முடக்கப் பார்க்கிறார்களாம். ஆளைக் கூப்பிட்டு, தேசிக்காய் வெட்டி, கழிப்புக் கழிக்க வேண்டுமாம்.

“செய்வினை செய்யிறவன் படலையில வைப்பான். கோழிக்கூட்டுக்குப் பின்னால கொண்டு போய் வைக்க அவனுக்கென்ன பைத்தியமா அக்கா?” என்று கேட்டேன். பயமில்லாமல் இல்லை, ஆனால் அதை அவருக்குக் காட்ட எனக்கு விருப்பமில்லை. மல்லிகா அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஒனக்கு இந்த வாய் ஓயாது புஷ்பம் புள்ள. ஒன்னக் கண்டா அந்தச் செய்வினையே பயந்து ஓடிரும்!”

நானாவின் ஒரு கிழமை

மல்லிகா அக்காவின் கதை வேலி தாண்டி, ஆரையம்பதி தாண்டி, காத்தான்குடி வரை போய்விட்டது. அங்கே ஹோட்டல் வைத்திருக்கிற முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர்தான் என் இடியப்பத்தில் முக்கால்வாசியை எடுப்பவர். அவர் நிறுத்தினால் என் அடுப்பு அணைய வேண்டியதுதான். பவானியின் அடுப்பும் சேர்ந்து அணையும்.

அன்று ஓட்டோக்காரர் இடியப்பப் பெட்டியைத் திறக்காமலே திருப்பிக் கொண்டு வந்தார். நான் அதே பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். ஹோட்டல் வாசலில் எல்லோரும் பார்க்கத் திறந்து, ஒரு இடியப்பத்தைப் பிய்த்து என் வாயில் போட்டுக்கொண்டேன். “இதுல என்ன குறை, சொல்லுங்க நானா” என்றேன். நானா நல்ல மனிதர், என் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டார். “ஒங்கட இடியப்பத்துல குறையில்ல தங்கச்சி, ஆனா ஒரு கிழமை, ஏழு நாளைக்குள்ள அந்தக் கதைய நிப்பாட்டிப்போட்டு வாங்க.”

பி.எச்.ஐ. ஐயா

மூன்றாம் நாள் பி.எச்.ஐ. ஐயா, அதாவது சுகாதாரப் பரிசோதகர், வந்தார். முறைப்பாடு கிடைத்ததாம். யார் கொடுத்தது என்று அவர் சொல்லவில்லை. தங்கராசா அண்ணன் வேலியோரம் இல்லாத புல்லைப் பிடுங்கிக்கொண்டு நின்றதே போதுமாக இருந்தது.

ஐயா இடியப்பம் பிழிகிற உரலைப் பார்த்தார், தட்டுகளைப் பார்த்தார், மாவு வாளிக்குள் டோர்ச் அடித்தார். “நல்லாப் பாருங்க ஐயா, கட்டிலுக்குக் கீழயும் பாருங்க” என்றேன். உள்ளே ஒன்றும் கிடைக்காமல் பின்வளவுக்குப் போனார். அங்கே வேலியோரம் மண்ணில் பாதி புதைத்த பழைய கிடாரம், வாயகன்ற பெரிய பாத்திரம் ஒன்று உண்டு. அரிசி கழுவுகிற தண்ணீரை வீணாக்காமல் அதில் ஊற்றி வைப்பேன், தங்கராசா அண்ணனின் மாடு வேலியில் இருக்கிற இடைவெளிப் பொட்டால் நுழைந்து வந்து குடிக்கும். ஆறு வருடமாக நடக்கிறது. கிடாரத்தைச் சுற்றி நான்கு எலிகள் கிடந்தன. ஐயா ஒரு குச்சியால் ஒன்றைப் புரட்டினார். வாயெல்லாம் நீலம்.

எலி மருந்து கலந்து நீலம் போட்ட நெல்லை நான் கண்டிருக்கிறேன். வெட்டு முடிந்து நெல் மூட்டை வந்த அன்று, தங்கராசா அண்ணன் தன் களஞ்சியத்தடியில் சிரட்டை சிரட்டையாக அதைத்தான் வைத்தார். ஐயா குச்சியை எறிந்துவிட்டுச் சொன்னார்: “மருந்து திண்ட எலிக்குத் தண்ணி விடாய் எடுக்கும் அம்மா, இது ஒங்கட வீட்டுல திங்க வரல்ல, குடிக்க வந்திரிக்கி.”

கவிழ்த்தேன்

நான்கு எலிகளையும் ஒரு தகரத்தில் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டு முற்றத்தில் போய் வைத்தேன். “ஒங்கட சாமான் எங்கட வளவுல கிடந்திச்சி அண்ணன்.” எலியில் பெயர் எழுதியிருக்கிறதா என்று கேட்டார். நீலத்தைக் காட்டினேன். ஊரில் எல்லாரும்தான் மருந்து வைக்கிறார்கள் என்றார். நான் திரும்பி வந்து, மண்ணைத் தோண்டிக் கிடாரத்தைப் பிடுங்கி, அவர் பார்த்துக்கொண்டிருக்கவே கவிழ்த்து வைத்தேன். மாட்டை நினைக்கத்தான் மனம் கேட்கவில்லை, ஆனாலும் நிமிர்த்தவில்லை.

மறுநாள் மாடு வந்து கிடாரத்தின் அடியை நக்கிப் பார்த்துவிட்டு, போய்த் தன் எசமான் வாசலில் நின்று கத்தியது. எலிகளும் அவருடைய கிணற்றடிக்கே போகத் தொடங்கின. இரண்டு நாள் பொறுத்தார். பிறகு வேலியடிக்கு வந்து, மாட்டுக்குத் தண்ணீர் வைக்கச் சொன்னார்.

“வைப்பன் அண்ணன். முதல்ல என்னோட காத்தான்குடிக்கு வாங்க” என்றேன்.

அவருடைய மோட்டார் சைக்கிளின் பின்னால் இடியப்பப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனேன். ஹோட்டலில் காலைச் சாப்பாட்டுக் கூட்டம். நான் பெட்டியை நானாவின் முன்னால் வைத்தேன். தங்கராசா அண்ணன் ஹெல்மெட்டைக் கழற்றாமலே நானாவிடம் சொன்னார்: “எலியும் என்ட, மருந்தும் என்ட, தண்ணி மட்டும்தான் புஷ்பத்துட.”

இப்போதும் என் வீட்டில் இடியப்பம் அவிகிறது, அவருடைய மாடு நேரத்துக்கு வந்து குடித்துவிட்டுப் போகிறது, மருந்து தின்ற எலி மருந்து வைத்தவர் வீட்டிலேயே சாகட்டும் என்று மாடு போனதும் கிடாரத்துக்கு ஒரு மூடி மட்டும் போட்டுவிடுகிறேன்.