ஒரு வருட நடையை ஒரேயடியாய் நடந்தவர்

சிற்றம்பலத்தாருக்கு டொக்டர் ஸலீம் குளிசையோடு சேர்த்துச் சொன்னவை இரண்டே இரண்டு. சோற்றைப் பாதியாகக் குறைக்க வேண்டும். பின்னேரம் கந்தோரிலிருந்து வீட்டுக்கு நடந்து போக வேண்டும். வீடு அரை மைல்தான். சீனி வியாதி வந்த ஒரு மனிதரிடம் இதைவிடக் குறைவாக யாரும் கேட்டிருக்க முடியாது. அவர் இந்த இரண்டையும் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்தார்.

பதுளையில் நான் வேலைக்குச் சேர்ந்த அரசாங்கக் கந்தோரில் அவர்தான் தலைமை இலிகிதர். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவர், இங்கேயே தங்கிவிட்டார். ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து பட்டம் படித்து வந்த முதல் ஆள் என்று, தான் காட்டில் பிடித்த பறவையைக் காட்டுவதுபோல, என்னை எல்லோருக்கும் காட்டுவார். "தோட்டத்துப் பெடியன். ஆனால் கெட்டிக்காரன்." அந்த 'ஆனால்' எனக்குப் பழகிவிட்டது.

வியாதி தெரிந்த நாளிலேயே டொக்டர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். "ஒங்கட கால் ரெண்டையும் கவனமாப் பாருங்க. கவனிக்காட்டி இந்த வியாதி காலைத்தான் கொண்டு போகும்." அதைக் கேட்டு அவர் மனைவி யோகம்மா அன்று முழுக்க அழுதாராம். சிற்றம்பலத்தார் மறுநாள் கந்தோரில் அதை ஒரு பகிடியாக்கினார். "நடந்து மாறிற வருத்தமெண்டால் தபால்காரனுக்கு ஒரு வருத்தமும் வரக்கூடாதே!" நாங்கள் சிரித்தோம். மேலதிகாரி பகிடி விட்டால் சிரிப்பதும் உத்தியோகத்தில் ஒரு பகுதி.

இறக்குமதி திறந்துவிடப்பட்ட புதிது. பஜார் வீதிக் கடைகளில் நொடியில் கரையும் பால்மா, நொடியில் கரையும் கோப்பி. வாரப் பத்திரிகையைப் பிரித்தால் ஒரு மாதத்தில் தலைமயிர், முப்பது நாளில் ஆங்கிலம், ஒரே போத்தலில் ஆண்மை. 'உடனே' என்ற சொல் இல்லாத விளம்பரம் கிடையாது. சிற்றம்பலத்தார் அத்தனையையும் நம்பினார். சந்தேகப்படுவதற்கும் கொஞ்சம் பொறுமை வேண்டும். அது அவரிடம் இல்லை.

முதலில் மதராஸிலிருந்து தபாலில் ஒரு பொடி வந்தது. அதற்குப் பிறகு வேங்கை மரக் கோப்பை. இரவில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் சிவந்துவிடும், அதைக் குடித்தால் சீனி இறங்கும் என்றார்கள். கோப்பையைக் கந்தோருக்கும் கொண்டு வருவார். ஒரு கையில் கோப்பை, மறு கையில் லட்டு. பிறகு ஒரு வாரம் பாவற்காய்ச் சாற்றைத் தவிர வேறெதுவும் வாயில் படாது என்று சபதம். அந்த வாரம் நாங்கள் எல்லோரும் அவரிடம் ஏச்சு வாங்கினோம். வாரம் முடிந்ததும் ஹாலிஎலவில் ஒரு கல்யாண வீட்டில் அவர் சாப்பிட்ட சாப்பாட்டைப் பார்த்துப் பரிமாறியவனே பயந்துபோனான். விருந்து நாளில் இரண்டு குளிசை போடுவார், மறுநாள் போடமாட்டார். "நேற்றுப் போட்டதில மிச்சம் உடம்புக்குள்ள கிடக்கு."

"நடந்தீங்களா?" என்று ஸலீம் ஒவ்வொரு மாதமும் கேட்பார்.

"டொக்டர், நான் எதையும் முழுசாச் செய்யிறவன். அரை மைலும் ஒரு நடையோ?"

அந்த முழுசான நடைக்கு ஆடி மாதம் வழி காட்டியது. எங்கள் தோட்டத்து ஆட்கள் வருடா வருடம் கதிர்காமத்துக்கு நடந்து போவார்கள். நானும் போகிறேன் என்று கந்தோரில் லீவு கேட்டேன். மறுநாள் சிற்றம்பலத்தாரும் லீவு போட்டுவிட்டார்.

"ஒரு வருசத்து நடையை ஒரேயடியா நடந்து முடிக்கிறன். சீனி கதிர்காமத்தில நிக்கும், நான் திரும்பி வருவன்."

ஸலீம் தலையில் அடித்துக்கொண்டார். "செருப்பாவது போட்டுக்கொண்டு போங்க."

"செருப்போட போனால் அது நேர்த்திக்கடனோ?"

புறப்படும் காலையில் யோகம்மா என்னைத் தனியே கூப்பிட்டார். "தம்பி, அவருக்கு நான் சொல்லிக் கேளாது. அந்தக் காலை மட்டும் பாத்துக்கொள்ளும்."

எல்ல வரைக்கும் அவர் பேசிக்கொண்டே வந்தார். இறக்கத்தில் வெல்லவாயப் பக்கம் இறங்க இறங்கத் தார் ரோட்டுச் சூடு செருப்பைத் தாண்டி எனக்கே சுட்டது. அவர் வெறுங்காலோடு எல்லோருக்கும் முன்னால் போனார். மறுநாள் காட்டுப் பாதையில் அவருக்குப் பின்னால் வந்த தனலெட்சுமி சத்தம் போட்டாள். எங்கள் பக்கத்து லயத்துக்காரி, கொழுந்து எடுப்பவள்.

"ஐயா, நில்லுங்க! காலு கிழிஞ்சு ரத்தமா ஊத்துதுங்க!"

அவர் நின்று காலைத் தூக்கி, யாரோ கீழே போட்டுவிட்டுப் போன சாமானைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். உள்ளங்காலில் முள் ஒன்று அடியோடு ஏறியிருந்தது.

"அப்பிடியோ? எனக்கு நோகேல்லையே."

"நோகலையா?"

"துளிகூட இல்லை."

தனலெட்சுமி தலைமூட்டையை இறக்கி வைத்துவிட்டு அவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "ஐயாவுக்குச் சாமி வந்திருச்சு!" பின்னால் வந்தவர்களும் ஒவ்வொருவராகக் குனிந்தார்கள். சிற்றம்பலத்தாரின் முகத்தை அப்போது பார்க்க வேண்டும். இருபது வருடம் கந்தோரில் கையெழுத்துப் போட்டும் கிடைக்காத பதவி நடுக்காட்டில் கிடைத்துவிட்டது.

நான் துண்டைக் கிழித்து நீட்டினேன். "கட்டிக்கங்க ஐயா. டாக்டர் சொன்னதை நெனச்சுப் பாருங்க."

"உமக்குப் பட்டம் தந்தவங்கள் பக்தியைத் தரேல்லைப் போல கிடக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் துண்டை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

கதிர்காமத்தில் தீமிதிப்பிலும் இறங்கினார். மற்றவர்கள் ஓடிக் கடந்தார்கள். கந்தோரிலிருந்து வீட்டுக்கு அரை மைல் நடக்காத மனிதர் தணலின் மேல் ஆற அமர நடந்தார். அரோகரா சத்தம் வானத்துக்குப் போனது. பார்த்தால் என் கைகளும் கூப்பியிருந்தன. எப்போது கூப்பினேன் என்று தெரியவில்லை. அந்த ஒரு நிமிடத்தை நினைத்தால் அவரைவிட என்மேல்தான் எரிச்சல் வருகிறது.

திரும்பி பஸ்ஸில் வந்தோம். ஸலீம் அவரைக் கட்டிலில் படுக்க வைத்துக் கூரையைப் பார்க்கச் சொன்னார். யோகம்மாவும் நானும் பக்கத்தில் நின்றோம்.

"இப்ப எந்த விரல்ல குத்துறன்?"

"நீங்கள் இன்னும் குத்தேல்லையே."

ஊசி பெருவிரலில் ஏறி நின்றுகொண்டிருந்தது. யோகம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"இது முருகன்ட வேலையில்ல, சிற்றம்பலம். நரம்பு செத்துப்போச்சு. நோவு இருந்திருந்தா நீங்களே மொதல் நாள் நின்டிருப்பீங்க." பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "இன்னும் காலைக் காப்பாத்தலாம். ஆஸ்பத்திரியில மூணு மாசம் படுக்கணும். ஒவ்வொரு நாளும் மருந்து கட்டணும்."

"மூண்டு மாதமோ?" என்றார் சிற்றம்பலத்தார். கால் போகும் என்றபோது வராத பயம் மூன்று மாதம் என்றபோது வந்தது.

ஒன்றரை வாரம் படுத்திருந்தார். புண்ணின் ஓரம் ஆறத் தொடங்கியிருந்ததாக யோகம்மா சொன்னார். அதற்குள் சிற்றம்பலத்தார் பக்கத்துக் கட்டில்காரனிடமிருந்து ஒரு தகவல் பிடித்துவிட்டார்: ஏழு நாளில் எந்தப் புண்ணையும் ஆற்றிவிடுகிற ஒருவர் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறார், பச்சிலைக் கட்டு, ஏழாம் நாள் அவிழ்த்தால் புதுத் தோல். யோகம்மா பூசைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, ஆஸ்பத்திரியை விட்டுத் துண்டு வெட்டிக்கொண்டு அந்த மனிதரிடம் போய்விட்டார். ஏழாம் நாள் அவிழ்த்தபோது பாதம் கறுத்திருந்தது.

முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். மயக்கம் தெளிந்த மறுநாள் நான் போனேன். என்ன சொல்வது என்று வழி முழுக்க யோசித்துக்கொண்டு போனேன். அவரே தொடங்கினார்.

"ஒரு வழியா முடிஞ்சுது, தம்பி. இனி மருந்து கட்டுற தொல்லையில்லை."

எனக்கு அவரை அடிக்க வேண்டும்போல இருந்தது. வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போதும் அந்த ஆத்திரம் தணியவில்லை. ஒரு படித்த மனிதன், ஒரு காலை, ஒரு தொல்லையைக் கழிப்பதுபோல! அறைக்குப் போய்ப் படுத்தேன். தலையணைக்கடியில் முப்பது நாளில் ஆங்கிலம் புத்தகம் உறுத்தியது. ஐந்தாம் நாளோடு மூடி வைத்தது. லயத்தில் அப்பாவும் அம்மாவும் எனக்குப் பட்டம் கிடைத்த அன்றே எங்கள் கஷ்டமெல்லாம் தீர்ந்துவிட்டதென்று ஊருக்கெல்லாம் தேநீர் கொடுத்தார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். அவரைத் திட்ட எனக்கு எவ்வளவு உரிமை இருக்கிறது என்று தெரியவில்லை. ஆனாலும் திட்டுகிறேன்.

போன ஞாயிறு அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். மரக்கால் சுவரில் சாய்ந்து நின்றது. ஒவ்வொரு நாளும் விறாந்தையில் பத்து அடி நடந்து பழகச் சொல்லியிருக்கிறார்கள். முதல் நாளே வாசற்படலை வரைக்கும் போய் விழுந்தாராம். அதற்குப் பிறகு தொடவில்லை.

அவர் சாய்வு நாற்காலியில் பத்திரிகை விரித்திருந்தார். யோகம்மா கீழே உட்கார்ந்து, மிஞ்சியிருக்கும் காலை மடியில் வைத்துக்கொண்டு, விரல் விரலாக அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். தினமும் பார்க்கிறார் என்று அந்தக் கைப்பழக்கத்திலேயே தெரிந்தது.

"இஞ்சாருங்கோ, இதில நோகுதோ?"

"இல்லை."

நகத்தால் அழுத்தினார். "இப்ப?"

"இல்லையெண்டு சொல்லுறன் எல்லே." பத்திரிகையை இறக்காமலே என்னைக் கூப்பிட்டார். "தம்பி, இஞ்சை பாரும். ஜேர்மனியில ஒரு எண்ணெய் கண்டுபிடிச்சிருக்கிறாங்களாம். மூண்டே நாளில நரம்பு திரும்பவும் உயிர்க்குதாம்."

யோகம்மா நிமிரவில்லை. அடுத்த விரலுக்குப் போனார்.