பயந்துகொண்டே கல்லூரி நடத்திய அம்மா

அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு என்னை எழுதச் சொன்ன சித்தி ஒரு நிபந்தனையும் போட்டார். "தைரியசாலின்னு மட்டும் எழுதிடாத. அக்காவே சிரிக்கும்."

உண்மைதான். அம்மா பயந்த சுபாவம் உள்ளவர். லிஃப்டில் ஏறினால் என் கையைப் பிடித்துக்கொள்வார். லஸ் சிக்னலைக் கடக்க யாராவது துணை வரும்வரை நிற்பார். தபாலில் நீளமான உறை வந்தால் பிரிக்குமுன் அவர் விரல்கள் சில்லிட்டுப் போகும். அந்த விரல்களைத் தொட்டுத் தொட்டே நானும் பயப்படக் கற்றேன்.

அம்மா பிறந்தது மயிலாப்பூர் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில். தாத்தா பாத்திரக் கடை வைத்திருந்தார். அவர் திடீரென்று இறந்தபோது அம்மா கல்லூரி மாணவி, சித்தி பள்ளிச் சிறுமி. கடையின் கூட்டாளி சில காகிதங்களை நீட்டி, விரலால் காட்டிய இடத்தில் அம்மாவைக் கையெழுத்துப் போடச் சொன்னார். அம்மா படித்துப் பார்க்காமல் போட்டார். அதோடு கடை போயிற்று.

அதன்பிறகு அம்மா வணிகவியலுக்கு மாறிப் படித்தார். வேலைக்குப் போய்த் தங்கையையும் படிக்க வைத்தார். என் அப்பாவின் மறைவுக்குப் பிறகு, அபிராமபுரத்தில் ஒரு வாடகை வீட்டு மாடியில் அக்காவும் தங்கையுமாக மேலாண்மைக் கல்லூரியைத் தொடங்கினார்கள். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கிய பிள்ளைகளே பெரும்பாலும் சேர்ந்தார்கள்.

இரண்டாம் ஆண்டில் அரசிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. கட்டடம் போதவில்லை என்று அங்கீகாரத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள். வகுப்புகளோ பாதி முடிந்திருந்தன. எங்களுக்கு வாய்த்திருந்த ஆலோசகர், "பரீட்சைக்குள்ள வந்துடும் மேடம். பசங்க கிட்ட எதுக்கு சொல்லிக்கிட்டு?" என்றார்.

சித்தியும் அதைத்தான் சொன்னார். "சொன்னா மொத்தமும் காலியாயிடும்க்கா. நாம ரோட்டுலதான் நிக்கணும்."

அம்மா கடிதத்தை இன்னொரு முறை படித்தார். பிறகு, "கையெழுத்து போடுறவங்களுக்கு அதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியணும். அதுக்குத்தானே இத ஆரம்பிச்சோம்?" என்றார்.

சனிக்கிழமை காலையில் பெற்றோர் எல்லோரும் கூடினார்கள். நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. ஆசிரியர் அறைக் கதவுக்குப் பின்னால், தாழ்ப்பாளைப் பிடித்தபடி நின்றேன். அம்மா எழுந்து கடிதத்தை முழுவதும் வாசித்தார். வாசித்து முடிப்பதற்குள் கூச்சல் கிளம்பியது. ஒரு நாற்காலி சன்னலில் மோதிக் கண்ணாடி நொறுங்கியது. சாந்தோம் கரையிலிருந்து வந்திருந்த ஒரு மாணவியின் தந்தை மேசையருகே வந்துவிட்டார்.

"இன்னாம்மா சொல்ற? கடலுக்குப் போயி படிக்க வெக்கிறேன். படிப்பு செல்லுமா செல்லாதான்னு தெரியாதுன்னா, எம் பொண்ணு கதி இன்னா?"

அம்மாவை அடித்துவிடுவார்கள் என்றே நினைத்தேன். ஆனாலும் நான் கதவைத் திறக்கவில்லை. இன்றும் அந்த வெட்கம் எனக்கு உண்டு.

அம்மாவின் குரல் உடைந்திருந்தது. "உங்க கோவம் நியாயங்க. எனக்கும் பயமாத்தான் இருக்கு. வேற காலேஜுக்குப் போகணும்னா நானே கூட வந்து சேர்த்து விடுறேன். இங்கயே இருந்தா, அங்கீகாரம் வர்ற வரைக்கும் பாடம் நடக்கும்."

பாதிப் பேர் விலகினார்கள். அவர்களுக்காக இரு சகோதரிகளும் பேருந்து மாறி மாறிக் கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கினார்கள். அந்த மீனவர் மகளைத்தான் முதலில் சேர்த்தார்கள். மறு ஆண்டு அங்கீகாரம் வந்தது. காத்திருந்தவர்களுக்கு ஓராண்டு வீணானது. ஒரு மாணவர் படிப்பையே விட்டுவிட்டார். கல்லூரி வளர்ந்த பிறகும், யாராவது பாராட்டினால் அம்மா அந்த மாணவரின் பெயரைச் சொல்லி வருந்துவார்.

சென்ற ஆண்டு அடையாறு மருத்துவமனையில் அம்மாவின் பரிசோதனை முடிவு என் கைக்கு வந்தது. நான்கு நாள் அதைக் கைப்பையிலேயே வைத்திருந்தேன். கேட்டபோதெல்லாம், "இன்னும் வரலம்மா" என்றேன்.

ஐந்தாம் நாள் அம்மா கையை நீட்டினார். "குடு. உன் மூஞ்சியிலயே எழுதியிருக்கு." கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தார். பிறகு என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"தனியா பயப்படாதடி. ரெண்டு பேரும் சேர்ந்தே பயப்படலாம்."

அப்படித்தான் அந்தக் கடைசி இரண்டு மாதங்களும் கழிந்தன. முறைவைத்துத் துணையிருந்த பழைய மாணவர்கள், வலி கூடிய பொழுதுகளில் அம்மாவின் தலையைக் கோதிக்கொடுத்த செவிலியர், அழைத்தபோதெல்லாம் வந்த ஆட்டோக்காரர், இறுதிச் சடங்கில் தோள் கொடுத்த உறவினர்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. கல்லூரியில் தன் அக்காவின் நாற்காலிக்கு அடுத்த நாற்காலியில் இன்றும் தினமும் வந்து அமரும் சித்திக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

வரும் திங்கட்கிழமை புதிய மாணவர்கள் சேர்கிறார்கள். அம்மா பேசிய இடத்தில் இம்முறை நான் பேச வேண்டும். உங்களில் பலர் வருவீர்கள். என் குரல் நடுங்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள்; முன்வரிசையில் உட்காருங்கள்.