ஆலந்தூரில் நாலரை மணி வரை

பொய்யே சொல்லாத பெண் என்று யாராவது என்னைப் புகழ்ந்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும். அந்தப் பெயரை எனக்கு வாங்கிக் கொடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று நானும் அத்தையும் ஊரில் ஓடுகிற ரயில்களையெல்லாம் ஒரே நாளில் ஏறிப் பார்க்கக் கிளம்பினோம்.

நான் அப்போது ஆறாம் வகுப்பு. அத்தை என்றால் அப்பாவின் தங்கை. மந்தைவெளியில் எங்களோடுதான் இருந்தாள். தேனாம்பேட்டையில் ஓர் அலுவலகத்தில் வேலை. அந்த வருடம்தான் அண்ணா சாலைக்கு அடியில் மெட்ரோ முழுதாக ஓட ஆரம்பித்திருந்தது. வீட்டுக்குப் பக்கத்தில் தூண் மேல் போகும் பறக்கும் ரயில், தரையில் போகும் மின்சார ரயில், பூமிக்குள் கிளம்பி பாதி வழியில் வெளிச்சத்துக்கு ஏறிவரும் மெட்ரோ என்று ஒரே ஊரில் மூன்று தினுசு. எனக்கு அதில் பைத்தியமே பிடித்திருந்தது. நோட்டில் வழி வரைந்து, மாறுகிற இடங்களுக்கு வட்டம் போட்டு வைத்திருந்தேன். எனக்கென்று ஒரு சட்டமும் உண்டு. ஒரு தடத்தில் ஒரு முறைதான் போக வேண்டும், திரும்பி அதே தடத்தில் வந்தால் ஆட்டம் அவுட். வேளச்சேரிக்கு மட்டும் விலக்கு. அங்கிருந்து பரங்கிமலைக்குப் போக வேண்டிய பாலம் அப்போது முடிந்திருக்கவில்லை, வந்த வழியே திரும்பித்தான் ஆக வேண்டும். போனால் போகிறதென்று மன்னித்தேன்.

அதே ஞாயிறு மூன்று மணிக்கு அத்தையைப் பெண் பார்க்க அரக்கோணத்திலிருந்து வருவதாக இருந்தது. மாப்பிள்ளைக்குச் சொந்தமாக ஹார்டுவேர் கடை. கல்யாணத்துக்குப் பிறகு பெண் வேலைக்குப் போக வேண்டாம் என்று முதல் போனிலேயே சொல்லிவிட்டார்கள். அத்தை வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னாள். அப்பா காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. "வந்து பாத்துட்டுப் போட்டும். உனக்குப் புடிக்கலன்னா வுட்டுடலாம். நான் இன்னா உன்னைக் கட்டியா வச்சிருக்கேன்?" என்றார். இந்த நாளில் ரயில் சவாரி எதற்கு என்று அம்மா முணுமுணுத்தபோதும் அவர்தான் சமாதானம் சொன்னார். காலையில் போய் இரண்டு மணிக்குள் வந்துவிடட்டும், குழந்தையை இட்டுக்கொண்டு எங்கே போய்விடப் போகிறாள் என்றார். என் காதுபடத்தான் சொன்னார். என்னைக் காவலுக்கு அனுப்புகிறார் என்று எனக்கு உறைக்கவில்லை. புது ஷூ மாட்டிக்கொண்டு குதித்தேன்.

காலையில் எல்லாம் கச்சிதமாக நடந்தது. மந்தைவெளியில் ஏறி வேளச்சேரி, அங்கிருந்து ஒரே மூச்சில் கடற்கரை. அடையாற்றைத் தாண்டும்போது தண்ணீர் கறுப்பாகத் தெரிந்தது, அத்தை மூக்கைப் பொத்திக்கொண்டு என்னையும் பொத்தச் சொன்னாள். கடற்கரையிலிருந்து மின்சார ரயிலில் பார்க் ஸ்டேஷன், தெருவைக் கடந்து சென்ட்ரல் மெட்ரோ. எஸ்கலேட்டர் இறங்கிக்கொண்டே இருந்தது. அத்தை அதற்குள் போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டாள். கேட்டதற்கு, பூமிக்குள்ளே டவர் கிடைக்காது என்றாள். கோயம்பேடு வருவதற்கு முன்பே ரயில் மேலே ஏறிவிட்டது, வெயில் பளீரென்று அடித்தது. போன் பையிலேயே கிடந்தது.

வடபழனி, அசோக் நகர் தாண்டி ஆலந்தூரில் இறங்கும்போது மணி ஒன்றாகவில்லை. இனி தளம் மாறி அடுத்த மெட்ரோ பிடித்தால் தேனாம்பேட்டை, அங்கிருந்து பஸ்ஸில் வீடு. நோட்டில் கடைசி வட்டம் அதுதான். ஆனால் அத்தை என்னை எதிர் பிளாட்பாரத்துக்கு இழுத்துப் போய், வந்த தடத்திலேயே மறுபடி கோயம்பேட்டுக்கு ஏற்றினாள். அங்கிருந்து ஆலந்தூர். மறுபடி கோயம்பேடு. எனக்கு அழுகை முட்டியது. சட்டம் போச்சு, சவாரி போச்சு, பையில் இருந்த புளிசாதத்தை மெட்ரோவுக்குள்ளே பிரிக்கவும் கூடாது. வீட்டுக்குப் போலாம், போலாம் என்று அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தேன். மூன்றாம் முறை ஆலந்தூருக்கு வந்ததும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். ரயில்கள் வந்தன, போயின. அவள் மேலே தொங்கிய கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலரை ஆனது. "வாடி, வூட்டுக்குப் போலாம்" என்று எழுந்தாள். முகம் அப்படித் தெளிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நாலரை முதல் ஆறு வரை ராகு காலம். ராகு காலத்தில் எவரும் பெண் பார்க்க மாட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் எரிச்சலோடு எழுந்து போய்விடுவார்கள் என்பது அத்தையின் கணக்கு. பாவம், அவள் பாதிக் கணக்குதான் போட்டிருந்தாள். ராகு காலத்தில் எவரும் வீட்டை விட்டுக் கிளம்பவும் மாட்டார்கள். இப்போ வருவாள், இப்போ வருவாள் என்று அப்பா உட்காரவைத்ததில் நாலரை தாண்டிவிட்டது. பஜ்ஜியும் கேசரியும் தின்று முடித்து, இரண்டாம் காபியும் குடித்து, வந்த ஆறு பேரும் எங்கள் கூடத்தில் மின்விசிறிக்கு அடியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் உள்ளே நுழைந்தபோது மணி ஐந்தே முக்கால்.

அத்தை வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். பிறகு என் தோளில் கைவைத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். "இவதாண்ணா. இன்னொரு தபா, இன்னொரு தபான்னு எறங்க மாட்டேன்னு அடம் புடிச்சா."

மாப்பிள்ளையின் அம்மா சிரித்து, குழந்தைகள் என்றால் அப்படித்தான் என்றாள். அப்பா சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்து மாடிப்படிக்குத் தள்ளிக்கொண்டு போய் ஓர் அறை விட்டார். காது ங்கொய் என்றது. வலியைக்கூடப் பொறுத்திருப்பேன். ஒரே தடத்தில் மூன்று முறை போக நானா அடம் பிடிப்பேன்? என் சட்டத்தை நானே மீறினேன் என்று ஊரார் முன்னால் பழி சுமத்திவிட்டாள். அந்த அநியாயம்தான் தாங்கவில்லை.

"நான் இல்லப்பா. நான் ஒரு மணிக்கே வூட்டுக்குப் போலாம்னேன். அத்தைதான் நாலரை ஆவட்டும்னு கடியாரத்தையே பாத்துகினு உக்காந்துகினு இருந்துச்சு."

அப்பா என் கையை விட்டார். நாலரையா என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். அவர் என் கன்னத்தைத் துடைத்துவிட்டு, நீ பொய் சொல்லாத பொண்ணு என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆறு அடித்ததும் அப்பா கூடத்துக்குப் போனார். பெண் பார்ப்பது மட்டும் என்ன, பூவே வைத்துவிடுங்கள் என்றார். பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம் என்று தங்கைக்குச் சொன்னது என்ன ஆயிற்று? அதைக் கேட்க அந்த வீட்டில் ஓர் ஆள் இல்லை. அம்மா கேட்கவில்லை. நான் அடுப்படியில் உட்கார்ந்து மிச்சக் கேசரியைத் தின்றுகொண்டிருந்தேன். முகம்கூடக் கழுவாமல், ரயில் கசங்கலோடு நின்ற அத்தையின் தலையில் மாப்பிள்ளையின் அம்மா மல்லிகைப்பூ வைத்தாள். மறுநாளே அப்பா அலுவலகத்துக்குப் போய் அத்தையின் வேலையை நிறுத்திவிட்டு வந்தார்.

இப்போது நான் கல்லூரிக்கு அந்த மெட்ரோவில்தான் போகிறேன். ஆலந்தூர் வந்தால் உடம்பெல்லாம் எரிகிறது. அப்பா மேல் எரிகிறது. பொறுமையாகக் கேசரி தின்ற அந்த ஆறு பேர் மேல் எரிகிறது. எல்லோரையும்விட அந்த ஆறாம் வகுப்புச் சத்தியசந்தி மேல் எரிகிறது. ஓர் அறை, வெறும் ஓர் அறை, அதை வாங்கிக்கொண்டு வாயை மூடியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? அத்தை அரக்கோணத்தில் காலை முதல் கடை மூடும் வரை கல்லாவில் உட்காருகிறாள். சம்பளம் தராவிட்டால் அது வேலை இல்லை போலிருக்கிறது.

கல்யாணம் தை மாதம். மண்டபத்தில் சொந்தக்காரர்களிடமெல்லாம் அப்பா என்னைக் காட்டி, இவள் வாயில் பொய்யே வராது என்று சொல்லிக்கொண்டிருந்தார். பட்டுப் பாவாடையில் நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். அத்தையோடு மட்டும் பேசவில்லை. காரில் ஏறப் போகும்போது அவளே என்னைக் கூப்பிட்டு, குனிந்து, என் பாவாடை நாடாவைச் சரி செய்தாள்.

"உம் மேல எனக்குக் கோவம் இல்லடி" என்றாள்.

"எனக்கு இருக்கு. நீதான பொய் சொன்ன?" என்றேன்.

அவள் தலையாட்டினாள். "ஆமாண்டி, நாந்தான் சொன்னேன்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிக்கொண்டாள்.