வடமதுரையில் ராக்கெட் இறக்கிய வினை

இன்று காலை நாகல் நகரில் பால் வாங்கப் போன இடத்தில் சூசை அண்ணன் பிடித்துக்கொண்டார். எங்கள் பகுதியின் மனைத் தரகர். நான் இங்கே போடும் அறிவியல் கதைகளை ஒன்று விடாமல் படிப்பவர். லைக் மட்டும் போடமாட்டார்.

"டீச்சர், வடமதுரைப் பக்கம் ராக்கெட் தளம் வருதுன்னு எழுதிருக்கீகளே, யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலண்ணே. கற்பனை."

"அம்புட்டு ஊரு இருக்கு. அந்த ஊரு மட்டும் எப்படி கற்பனையில வந்துச்சு?"

"சும்மா வந்துச்சுண்ணே."

"சும்மா எதுவும் வராது டீச்சர். உங்க வீட்டுக்காரரு வேற தாலுகா ஆபீஸ்ல இருக்காரு." குரலைத் தாழ்த்தினார். "ரோட்டுக்குக் கிழக்கயா, மேக்கயா? அத மட்டும் சொல்லுங்க."

வீட்டுக்கு வந்ததும் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அந்த ஊரை நானாகத்தான் நினைத்தேனா? இல்லை, சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் எதையோ சொல்ல, அதைத்தான் இத்தனை நாளும் என் கற்பனை என்று பெருமைப்பட்டுக்கொண்டிருக்கிறேனா?

கேட்டேவிட்டேன்.

"நான் ஒண்ணும் சொல்லலயே" என்றார், கொஞ்சம் வேகமாகவே.

அடுத்த கதையைச் செவ்வாய் கிரகத்துக்கு மாற்றிவிட்டேன். அங்கேயும் யாராவது பிளாட் போட்டுக் கல் நட்டிருந்தால் இப்போதே கமெண்டில் சொல்லிவிடுங்கள்.