மிச்சத்துக்கும் இடம் வேண்டும்

யார் எதைச் சொன்னாலும் மேடம் கேட்பது ஒன்றுதான்: "சரி, மிச்சத்த எங்க வைப்பீங்க?" நான் புதுக் கட்டில் வாங்கியதைச் சொன்னபோதும் அதையே கேட்டார். பழைய கட்டில் இன்னும் என் வீட்டு நடையில்தான் நிற்கிறது. அதில் முட்டியை இடித்துக்கொள்ளும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்கிறேன்.

மின் திட்ட அலுவலகத்தில் எனக்கு அடுத்த மேஜை. எப்படி மின்சாரம் எடுத்தால் எவ்வளவு எரிபொருள், எவ்வளவு நிலம் என்று பட்டியல் போடுவது அவர் வேலை. எல்லோருக்கும் அவர் 'சாம்பல் மேடம்'. அனல்மின் நிலையம் என்றால் மற்றவர்கள் கட்டடம் நிற்கும் இடத்தை மட்டும் அளப்போம். அவர் நிலக்கரி தோண்டும் பள்ளத்தையும், எரித்த சாம்பலைக் கொட்டும் குட்டையையும் சேர்த்தே எழுதுவார். "தினம் ஒரு ரயில் கரி வருதுன்னா, எங்கயோ ஒரு ஊர் பள்ளமாகுதுன்னு தானே அர்த்தம்?" சூரியத் தகடுகளையும் விடமாட்டார். "சாப்பாடே கேக்காத விருந்தாளி. ஆனா வீடு முழுக்கப் படுத்துக்கும்."

எழுதுவது பென்சிலில், முடிவானால் மட்டும் பேனா. அழித்த ரப்பர் துகளை ஊதித் தள்ளவும் மாட்டார். ஒரு தாளில் கூட்டி மடித்து, குப்பைக் கூடை வரை நடந்துபோய்ப் போட்டுவிட்டு வருவார். நாங்கள் சிரிப்போம், அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

போன வாரம் அவருடைய அண்ணன் வந்தார். சூரியத் தகடுகளுக்குப் பார்த்து வைத்திருக்கும் நிலத்தின் நடுவில்தான் அவருடைய ஆடுகள் மேயும் காடு. அப்பா போன பிறகு, ஆடுகளை ஒவ்வொன்றாக விற்றுத் தங்கையைப் படிக்கவைத்தவர். பட்டியலை வெகுநேரம் பார்த்தார். பள்ளமும் குட்டையும் அதில் இல்லாவிட்டால் அனல்மின் நிலையத்துக்குத்தான் நிலம் குறைவு, அதையே தேர்ந்தெடுப்பார்கள். அவர் காடு தப்பிவிடும்.

"அந்த ரெண்டு வரி பென்சில்லதானேம்மா இருக்கு," என்றார் மெதுவாக.

மேடம் பட்டியலைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்கு அங்கே உட்கார்ந்திருக்கவே சங்கடமாக இருந்தது.

"அந்தப் பள்ளத்துப் பக்கமும் யாராவது ஆடு மேய்ப்பாங்கல்லண்ணா."

பேனாவை எடுத்து அந்த இரண்டு வரிகளின்மேல் அப்படியே எழுதினார். அண்ணன் எழுந்துகொண்டார். மேடம் அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தார். பேனாவை மூடாமலே, சூரியத் தகடு வரிசைக்குக் கீழே 'ஆடுகளுக்கு மாற்று மேய்ச்சல் நிலம்' என்று புதிதாக ஒரு வரி எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

"எத்தனை உருப்படிண்ணா இருக்கு? குட்டிங்களயும் சேத்துச் சொல்லுங்க."